கல் மரக்கால்

வியாழக்கிழமைச் சந்தை கலைந்து கடைசி வண்டியும் தெற்குக் கோட்டை வாசல் வழியாக வெளியேறிய பிறகு, மண்டபத்தைப் பெருக்க ஆரம்பித்த சந்தைப் பொறுப்பாளர் ஒதீல் பாதியில் துடைப்பத்தை நிறுத்தினாள். தரையில் வழக்கமான தூசிதான். கோதுமை உமி, வாத்து இறகு, வெங்காயச் சருகு, மேலே உத்தரங்களை வண்டு அரித்து நாள் முழுக்க உதிர்க்கிற மரப்பொடி, எல்லாம் கலந்து சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அதற்கு நடுவில் ஜோடி ஜோடியாகச் சுத்தமான இடங்கள் தெரிந்தன. மூலையில் இருக்கும், தானியம் அளக்கக் குழி வெட்டிய கல் மரக்காலில் தொடங்கி மூன்றாவது தூண் வரை, ஒன்றன் பின் ஒன்றாகப் பதினொரு ஜோடி. மிதித்த தடமாக இருந்தால் தூசி நசுங்கியிருக்கும். இது அப்படி இல்லை. காலையிலிருந்து யாரோ அங்கே அசையாமல் நின்று, தூசி அவர்களைச் சுற்றியே விழுந்து, பிறகு அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. ஐந்து விரல்களும் தெரிந்தன. நவம்பர் மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் வெறுங்காலோடு சந்தைக்கு வருவதில்லை.

ஒதீல் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். முந்தின ராத்திரி மட்டும் மூன்று தடவை எழுந்து புருஷனைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தாள். மணி ஒன்றே கால் ஆகிவிட்டது, அவனுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. யாரோ பிள்ளைகள் செய்த வேலை என்று நினைத்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டு, கல்லைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கும் அவள் கூவவில்லை. கூவாமல் விட்டது அது ஐந்தாவது வியாழன்.

கூவுவது என்றால் என்ன என்று எங்கள் மோன்ஃபரேல் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். சந்தைப் பொறுப்பாளராக இருப்பவர் கடை போட இடம் பிரித்துக் கொடுப்பார், சண்டை வந்தால் விலக்கி விடுவார், முடிந்ததும் பெருக்குவார். அதற்கப்புறம் கல் மரக்காலின் விளிம்பில் கையை வைத்து, நாலு பக்கமும் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூவ வேண்டும்: எல்லாருக்கும் அளந்தாச்சு, வீட்டுக்குப் போங்க. நகராட்சி அலுவலகம் கொடுத்த வேலைப் பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆனால் இதைச் செய்யாமல் எந்தப் பொறுப்பாளரும் வீட்டுக்குப் போனதில்லை. ஒதீலுக்கு முன்னால் இருந்தவர் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில்கூட, தன் மனைவியை அழைத்து வந்து கூவ வைத்தார்.

மண்டபத்துக்கு எழுநூறு வயது. சுவர் கிடையாது, இருபத்து நாலு ஓக் மரத் தூண்களும் மேலே ஒரு பெரிய ஓட்டுக் கூரையும்தான். ஆங்கில ராஜாவுக்கும் பிரெஞ்சு ராஜாவுக்கும் நடுவில் ஊர் பந்தாக உருண்டுகொண்டிருந்த காலத்தில், ஒரு குளிர்காலம் முழுக்க நாலு கோட்டை வாசல்களையும் அடைத்து வைத்தார்களாம். வெளியே படை. உள்ளே இருந்த கோதுமையெல்லாம் இந்த மண்டபத்தில். தலைக்கு வாரம் ஒரு சின்ன மரக்கால் என்று கல்லில் இருக்கும் சின்னக் குழியில் அளந்து கொடுத்தார்கள். அளப்பவருக்கு ஒரு விதி இருந்தது. கோதுமையைத்தான் பார்க்க வேண்டும், வாங்குபவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. முகத்தைப் பார்த்தால் கை கோணும் என்பார்கள். தம்பி என்றால் கும்பாச்சியாக விழும், பகையாளி என்றால் குழியாக விழும். அதனால் தலையைக் குனிந்து, நிரப்பி, கட்டையால் தலைதட்டி, கல்லின் கீழே இருக்கும் மூக்கின் அடைப்பை இழுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் யாரோ சாக்கையோ மேலங்கியையோ பிடித்து வாங்கிக்கொள்வார்கள். யார் என்பது அளப்பவருக்குத் தேவையில்லை.

ஒரு வியாழக்கிழமை, வரிசை பாதி நிற்கும்போதே கோதுமை தீர்ந்துவிட்டது. அளந்த மனிதர் அதைச் சொல்ல வாய் வராமல், கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டார். முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவர்கள் நின்றார்கள். அன்று ராத்திரி பனி கொட்டியது. காலையிலும் வரிசை நின்றுகொண்டிருந்தது, ஏனென்றால் விறைத்துப் போனவர்கள் முன்னால் இருந்தவர் முதுகில் சாய்ந்திருந்தார்கள். இதையெல்லாம் பள்ளியில் படித்துவிட்டுப் பிள்ளைகள் கல்லின் மூக்கில் சூயிங்கம் ஒட்டி வைக்கிறார்கள். ஒதீலும் சின்ன வயதில் ஒட்டியவள்தான்.

அவள் கூவுவதை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பெருக்கிய பிறகும் சதுக்கம் முழுக்கக் காலியாகும் வரை காத்திருந்து கூவிவிட்டு வந்தால் புருஷன் அர்மானின் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒரு வாரம் விட்டாள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வாரமும் விட்டாள்.

அர்மான் கூரை வேய்கிறவன். இந்த மண்டபத்து ஓடுகளையும் அவன்தான் மாற்றினான். ஓட்டு மேல் பூனை மாதிரி நடந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அடுப்படியில் காப்பிக் கிண்ணத்தோடு விழுந்தான். பக்கவாதம். அன்றிலிருந்து எழுந்து நின்றதில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 'அப்புறம்?' என்பான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், நன்றிக்கும் அதுதான். இதையெல்லாம் ஒதீல் பழகிக்கொண்டாள். அவளால் பழக முடியாதது தொண்டை. விழுங்குவது பாதிதான் வேலை செய்கிறது. ஒரு ரொட்டித் துணுக்கு தவறி மூச்சுக் குழாயில் இறங்கினால் போதும், ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று செவிலிப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதனால் எல்லாவற்றையும் வேகவைத்து, அரைத்து, சல்லடையில் தேய்த்து, ஒரு கரண்டி, ஒரு விழுங்கல், ஒரு துடைப்பு என்று முக்கால் மணி நேரம் ஊட்டுவாள். ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்க முடியாது, பெரிய ஊர்க் காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஐம்பத்து இரண்டு. அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாரையும் ஒதீலுக்குத் தெரியாது. அவனைத் தன் கையால் ஊட்டி, தன் வீட்டில் வைத்திருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்பதற்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆறாவது வியாழன் சுத்தமான இடங்கள் மண்டபத்தின் விளிம்பு வரை வந்திருந்தன. அவள் எண்ணவில்லை, பெருக்கினாள். துடைப்பம் அந்த இடங்களைத் தொடும்போது மட்டும் கைப்பிடி வழியாக ஒரு குளிர்ச்சி மணிக்கட்டு வரை ஏறியது. பழைய சாக்கின் வாசனையும் ஈரமான கம்பளியின் வாசனையும் வந்தன. மழை பெய்யவில்லை.

ஏழாவது வியாழன், சந்தை நடக்கும்போதே, வாத்துக்கறி விற்கும் துபூய் அவளைக் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் அவருக்கு. கேலி பண்ணாமல் அவரால் ஒரு கால் கிலோ கறிகூட விற்க முடியாது.

"யாரு ஒதீல் அவங்க, உன் சொந்தக்காரங்களா? வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியிருந்து அந்தக் கல்லுகிட்ட நிக்கிறாங்க. ஒரு வாத்துக்கால் வாங்கினா கொறஞ்சா போயிடுவாங்க?"

ஒதீல் திரும்பிப் பார்த்தாள். கல்லின் பக்கம் யாரும் இல்லை. துபூயும் நேராகப் பார்த்தார், பிறகு கண்ணைக் கசக்கினார். நேராகப் பார்த்தால் தெரியவில்லை, கறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் தெரிகிறார்கள் என்றார். குனிந்த தலைகள், பழுப்புத் துணி. குளிரில் கால் மாற்றி நிற்பது மாதிரி ஒரு அசைவு. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது.

"நீ கடைசியா எப்ப கூவின?"

அவள் சொன்னாள். துபூய் பதினொரு மணிக்கே கறியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு மணிக்கு முன்னால் கடையை மூடியதே இல்லை.

அன்று அவள் கூவினாள். குளிர்ந்த கல்லில் உள்ளங்கையை வைத்து, மூன்று தடவை, குரல் உடைய உடைய. சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் வளைவுத் தாழ்வாரங்களில் மோதி அது திரும்பி வந்தது. ஒரு புறா எழுந்து பறந்தது. அவ்வளவுதான். கைக்குக் கீழே கல்லின் குழிக்குள்ளிருந்து, சாக்கு உரசுவது போன்ற ஒரு சன்னமான சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு மார்த் வந்தாள். எழுபது வயது, வாயாடி, ஒதீல் வேலைக்குப் போகும்போது அர்மானுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவள். சந்தில் யார் மாவைக் கொட்டியது என்று அவள் அலுத்துக்கொண்டாள். கோடை முழுக்கக் கட்டட வேலை நடந்ததால் சந்தில் வெள்ளைத் தூசி படிந்துகிடந்தது. அதில் கால் தடமாக இருக்கிறது, உன் வீட்டு வாசலில் வந்து முடிகிறது என்றாள். ஒதீல் போய்ப் பார்த்தாள். மண்டபத்தின் விளிம்பிலிருந்து தாழ்வாரத்தின் அடியில் வளைந்து, ரொட்டிக் கடையைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, அவள் வீட்டு நிலைப்படி வரை. எல்லாக் கால்களும் ஒரே பக்கம் பார்த்திருந்தன. மண்டபத்தைப் பார்த்து.

அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினாள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். கழுவிய சந்துத் தரையில் ஈரம் காய்ந்தது. ஜோடி ஜோடியாக அந்த இடங்கள் மட்டும் காயவில்லை.

அந்த வாரத் தொடக்கத்திலிருந்தே அர்மான் சாப்பிட மறுத்துவந்தான். கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான். கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவருக்குப் பின்னால் நின்று, முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கிறவன் மாதிரி, தலையணையில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தான். ஒதீல் கெஞ்சினாள். "ஒரே ஒரு வாய், முயலே. எனக்காக." கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் அவளைப் பார்க்காமலே "அப்புறம்?" என்றான். செவிலிப் பெண் எடை பார்த்தாள். ஐம்பது, முந்நூறு கிராம். எழுதிக்கொண்டாள். அடுத்த எடை திங்கட்கிழமை.

சனிக்கிழமை சாயந்திரம் வெந்நீரில் துணி நனைத்து அவன் காலைத் துடைக்கும்போது, விரல் இடுக்கில் என்னவோ குத்தியது. கோதுமை உமி. உள்ளங்கால் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. இரண்டு வருஷமாகத் தரையைத் தொடாத கால்.

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு விளக்கைத் தரைக்குத் தாழ்த்திப் பார்த்தாள். வீட்டை ஒழுங்காகப் பெருக்கி மாதக் கணக்காகிறது. ஊரைப் பெருக்குகிறவளுக்கு வீட்டைப் பெருக்கக் கை வருவதில்லை. மாடிப்படிகளில், ஒவ்வொரு படியிலும் ஒரு ஜோடி. நடையில் மூன்று ஜோடி. அறைக்குள் கடைசி ஜோடி, கட்டிலை ஒட்டி, அர்மானின் தலைமாட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

வரிசையின் வால் இங்கே வந்துவிட்டது. கடைசி ஆள் இந்த அறையில்தான் நிற்கிறான், என் புருஷனைத் தொடுகிறான், தன் தூசியை அவன் மேல் தடவுகிறான், அவன் வாய்க்குப் போகிற சோற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அப்படித்தான் ஒதீலுக்குத் தோன்றியது. அவளுக்குக் கோபம் வந்தது. ஐம்பது கிலோ உடம்பிலிருந்து இவர்களுக்கு என்ன வேண்டும்?

விடிகிற வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். கூவியும் அவர்கள் ஏன் போகவில்லை என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. அளந்தாச்சு என்று சொன்னாள், ஆனால் யாருக்கு அளந்தாள்? வாராவாரம் தவறாமல் சொன்ன வரைக்கும் அது ஒரு தாலாட்டு மாதிரி அவர்களை அடக்கி வைத்திருந்தது. ஒரு முறை விழித்துக்கொண்ட பசியிடம் வெறும் வார்த்தை செல்லாது. அவர்களுக்குக் கோதுமை வேண்டும். அளந்தால் வரிசை நகரும். நகர்ந்தால் கடைசி ஆளும் இந்த அறையை விட்டுப் போவான்.

கோதுமை கேட்டுத் துபூய்க்குப் போன் செய்தாள். கேலி வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இரண்டு மூட்டை கோதுமையைக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார். வண்டியின் இஞ்சினை அணைக்கவே இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி ஒன்று மட்டும் சொன்னார்.

"மொகத்தப் பாக்காத, ஒதீல். எது நடந்தாலும் சரி, தலையத் தூக்காத."

மார்த்தை அர்மானோடு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். வரும் வழியில் கட்டிலிலிருந்து கல் மரக்கால் வரை கால்களை எண்ணினாள். அறுபத்து மூன்று ஜோடி. மூடுபனி கோட்டைச் சுவரைத் தாண்டி இறங்கி, எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தை மறைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் சதுக்கத்தில் ஒரு நாய்கூட வராது. ஓடுகளிலிருந்து ஈரம் சொட்டுகிற சத்தம். அழுகிய முட்டைக்கோஸ் இலையின் வாசனை. அதற்கு அடியில், மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டே வந்த அந்தக் கம்பளி வாசனை.

தலைதட்ட வீட்டிலிருந்து மாவு உருட்டும் கட்டையைக் கொண்டுவந்திருந்தாள். சின்ன மரக்காலின் குழியில் கோதுமையை வாரிப் போட்டாள். கட்டையை விளிம்பில் வைத்து இழுத்தாள். மேலே நின்ற மணிகள் மூட்டைக்குள் விழுந்தன. தலையைக் குனிந்துகொண்டாள். அடைப்பை இழுத்தாள்.

கோதுமை இறங்கியது. கீழே கல்தரையில் சிதறும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சிதறவில்லை. துணியில் விழுகிற சத்தம்தான் கேட்டது. பொத்தென்று, கனமாக, விரித்துப் பிடித்த துணி தாழ்கிற மாதிரி.

பிறகு ஒரு கால் இழுபட்டு விலகியது. இன்னொரு கால் முன்னால் வந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, வேலை நடக்கிறதே என்ற நிம்மதியில். நிரப்பினாள், தட்டினாள், இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே துணிச் சத்தம். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் முழு வரிசையும் ஒரு அடி நகர்கிற சத்தம், முதலில் அருகே, பிறகு தாழ்வாரத்தின் அடியில், பிறகு தூரத்தில் சந்துக்குள். பத்து. பதினைந்து. வாங்கியவர்கள் தெற்கு வாசல் பக்கம் போனார்கள், கல்லில் வெறுங்கால் ஒட்டிப் பிரியும் சத்தம் குறைந்துகொண்டே போய்ப் பனிக்குள் நின்றது. அவள் கண்களைக் கோதுமையிலேயே வைத்திருந்தாள். ஓரக்கண்ணில் பழுப்பு நிறம் வந்து வந்து போனது. அடைப்பை இழுக்கும் விரல்களில் குளிர், பனிக்கட்டிப் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி. முப்பதுக்கு மேல் முதுகு விட்டுப்போனது. இரண்டாவது மூட்டையைப் பிரித்தாள்.

நாற்பது.

நாற்பத்தொன்பது. இப்போது சந்தில் சத்தம் இல்லை. கடைசி ஆள் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டான். அறையை விட்டு, படியை விட்டு, நிலைப்படியை விட்டு. ஒதீல் மனதுக்குள் அர்மானிடம் பேசினாள். இதோ முடிந்துவிடும். வந்து உனக்குக் கேரட் கூழ் வைத்துத் தருகிறேன். நாளைக்கு எடை பார்க்கும்போது பார், நாம் யாரென்று காட்டுவோம்.

ஐம்பத்தெட்டு.

இருட்டத் தொடங்கியது. தெருவிளக்கு எரியவில்லை. கையளவு வெளிச்சத்தில் கோதுமை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அறுபது. அறுபத்தொன்று. துணிச் சத்தம். காலடி.

அறுபத்திரண்டு.

மூட்டையின் அடியில் சரியாக ஒரு மரக்கால்தான் மிச்சம். உதறிக் கொட்டினாள். கட்டையை இழுத்தாள். தலை மட்டமாக நின்றது, ஒரு மணி கூடவில்லை, ஒரு மணி குறையவில்லை.

கடைசி ஆள் வந்தான். மெதுவாக வந்தான். ஒரு கால் நடந்தது, ஒரு கால் இழுபட்டது. எல்லாரும் களைத்தவர்கள்தான், இவன் இன்னும் களைத்தவன். கல்லுக்கு முன்னால் நின்றான். துணி விரிகிற சத்தம் இல்லை. சாக்கு இல்லை போலிருக்கிறது. வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவன், வெறுங்கையோடு வந்திருக்கிறான்.

முழங்கால்கள் தரையில் இறங்கின. ஒன்று. பிறகு இன்னொன்று.

கல்லின் மூக்குத் துளை வழியாக அவள் விரல்களில் காற்று பட்டது. சூடான காற்று. மூச்சு.

மற்றவர்கள் யாருக்கும் மூச்சு இல்லை.

ஒதீலின் கை அடைப்பில் நின்றது. நிமிர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்காதே என்றார் துபூய். பார்க்காதே என்று எழுநூறு வருஷம் சொல்லியிருக்கிறது. கடைசி ஆள். இவன் போனால் முடிந்தது. முதுகு எரிந்தது. கால் மரத்துப்போனது. வீட்டுக்குப் போக வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

கோதுமை இறங்கியது. துணியில் விழவில்லை. கல்லிலும் விழவில்லை. ஈரமான எதிலோ விழுந்தது. சத்தம் பாதியில் அடைத்தது. மணிகள் துளையில் நின்றுவிட்டன. நின்றால் கல்லைத் தட்ட வேண்டும், மீதியும் இறங்கிவிடும். ஒருவருக்கு முழு அளவும் போய்ச் சேராமல் அடைப்பை மூடக் கூடாது. அவள் உள்ளங்கையால் தட்டினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. அந்தப் பக்கம் என்னவோ கல்லில் மெதுவாக முட்டியது. மூன்றாவது தட்டில் எல்லாம் இறங்கியது.

விரல்களில் பட்ட சூடு நின்றது.

அவள் விளிம்பில் கை வைத்து மூன்று தடவை கூவினாள். இந்த முறை எதிரொலி வரவில்லை. சாக்கு உரசும் சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தாள். தரை வெறுமையாக இருந்தது. ஒரு தடம் இல்லை, ஒரு மணி கோதுமை சிந்தவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு நெஞ்சில் பாரம் இல்லை. வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

சந்து சுத்தமாக இருந்தது. நிலைப்படி சுத்தமாக இருந்தது. அடுப்படியில் மார்த் கேரட்டைச் சல்லடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போ, தூங்கறான்," என்றாள். "மத்தியானம் முழுக்க அசையவே இல்ல, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். சித்த முன்னாடி ஒரு தடவ இருமினான். அதோட சரி."

ஒதீல் படியேறினாள். படிகளில் தூசி அப்படியே இருந்தது, கால்கள் இல்லை. நடையில் இல்லை. அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை. விளக்கைப் போட்டாள்.

அர்மான் மல்லாந்து படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. கண்ணோரத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு முழங்கால்களும் கல்லில் உரசிச் சிவந்திருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. வாய்க்குள், தொண்டையிலிருந்து நிறைந்து, உதட்டு விளிம்பு வரைக்கும் கோதுமை. ஒரு மணி கூடவில்லை, ஒரு மணி குறையவில்லை. தலைதட்டி மட்டமாக இருந்தது.